கரப்ட் ஆன பிளாப்பி

குடியாத்தத்து வீட்டை விற்பது என்று முடிவானதும் பரண் ஒழிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அக்கா ஓசூரில் இருந்துகொண்டு, "கேட்காம எதையும் தூக்கிப் போட்டுடாதே" என்று போனிலேயே மேற்பார்வை பார்த்தாள். அண்டா, குத்துவிளக்கு, அப்பாவின் கணக்கு நோட்டுகள் எல்லாம் இறங்கிய பிறகு கடைசியாக ஒரு ஷூ பெட்டி கைக்கு வந்தது. ஆம்பூரில் செய்த ஷூ. அப்பா அதைக் கல்யாணங்களுக்கு மட்டும்தான் போடுவார். பெட்டிக்குள் ஷூ இல்லை. ரப்பர் பேண்ட் உருகி ஒட்டிக்கொண்ட ஒன்பது பிளாப்பிகளும் (அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் கோப்புகளைச் சேமித்துவைத்த சதுரத் தகடுகள்), அட்டையில் 'கோபால்' என்று எழுதிய நீள நோட்டு ஒன்றும் இருந்தன.

கோபால் ஆள் இல்லை, கணினி மொழி. 1995இல் இதை அம்மாவுக்குப் புரியவைக்க அக்கா பட்ட பாடு கொஞ்சமல்ல. "இன்னிக்கு முழுக்க கோபால்தாம்மா" என்று சொல்லிவிட்டு அவள் கை கழுவப் போக, அம்மா கரண்டியோடு பின்னாலேயே போனாள்: "யாருடி அந்த கோபால்?"

ஒன்பதில் ஒரு பிளாப்பியின் லேபிளைப் பார்த்ததும் ஏணியிலிருந்து இறங்கவே தோன்றவில்லை. நீல மையில் 'பிரின்ஸ்' என்று எழுதி, அதை அடித்து, மேலே சிவப்பு மையில் 'பேரோல்', அதாவது சம்பளக் கணக்கு, என்று எழுதியிருந்தது. இந்தப் பிளாப்பியின் பேரில் அக்காவோடு எனக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. வாதியும் நானே, தோற்றவனும் நானே.

வேலூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் சென்டர். சுவரில் மாட்டியிருந்த மாதிரிச் சான்றிதழில் மாவட்டம் 'வடஆற்காடு அம்பேத்கர்' என்றிருக்கும். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது, எனக்குப் பதினொன்று. அவள் கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி வழியாகத் தினமும் பஸ்ஸில் போய் வருவாள். ஞாயிற்றுக்கிழமை 'பிராக்டிஸ்' நேரத்துக்கு மட்டும் என்னையும் கூட்டிப்போவாள். ஏசி என்ற ஒன்றை நான் முதலில் அனுபவித்தது அங்கேதான், அதுவும் வேலூர் மே மாதத்தில். ஏசி நமக்காக இல்லை, மிஷினுக்காக என்று சார் அடிக்கடி ஞாபகப்படுத்துவார்.

செருப்பை வாசலில் விட வேண்டும். தூசிக்காகச் சொன்னது. நானோ செருப்பு வழியாகத்தான் வைரஸ் வருகிறது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். வைரஸுக்கு அங்கே அத்தனை பயம். மார்ச் 6ஆம் தேதி சார் ஒரு மிஷினையும் போடமாட்டார். மைக்கேலேஞ்சலோ வைரஸ் அன்றைக்கு விழித்து ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்துவிடும். ஜனவரி 5 நம் நாட்டுச் சரக்கான ஜோஷி வைரஸுக்கு. 'ஹேப்பி பர்த்டே ஜோஷி' என்று டைப் அடித்தால்தான் மிஷினை விடும். இரண்டும் பிளாப்பியின் முதல் செக்டாரில் (செக்டார் என்பது தகட்டில் பிரித்துவைத்த சின்னத் துண்டு; முதல் துண்டுக்கு பூட் செக்டார் என்று பெயர்) ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவை. செருப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஹார்ட் டிஸ்க்கில் கேம் இருந்தால் சார் சனிக்கிழமை சாயங்காலம் தேடித் தேடி அழிப்பார். அதனால் கேம்கள் எல்லாம் பிளாப்பியிலேயே குடியிருந்தன. ஏ டிரைவிலிருந்தே, அதாவது பிளாப்பி செருகும் இடத்திலிருந்தே, நேராக ஓடின. டேஞ்சரஸ் டேவ், பாராட்ரூப்பர், டிகர். எல்லாவற்றுக்கும் மேலே பிரின்ஸ் ஆஃப் பெர்சியா.

அந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜோர்டான் மெக்னர் என்பவர் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதி 1989இல் வந்தது. விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸில் ஓடும் பதிப்பு 1990இல். பாதாளச் சிறையிலிருந்து கிளம்பி, பன்னிரண்டு கட்டம் தாண்டி, அறுபது நிமிடத்துக்குள் இளவரசியிடம் போய்ச் சேர வேண்டும். அறுபது நிமிடம் என்றால் கடிகாரத்து அறுபது நிமிடம். செத்தால் கட்டத்தின் தொடக்கத்துக்குப் போவோம், போன நேரம் போனதுதான். இளவரசன் ஓடுவதும் விளிம்பைப் பிடித்துத் தொங்கி ஏறுவதும் அசல் மனிதன் மாதிரியே இருக்கும். மெக்னர் தன் தம்பியை வெள்ளை உடையில் ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுத்து, படம் படமாகப் பார்த்து வரைந்தார். ஒரு தம்பி ஓடியது இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

முதல் கட்டம் முடிந்ததும் ஒரு மருந்துக் குப்பி அறை வரும். கையேட்டில் இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரி, இத்தனையாம் சொல்லின் முதல் எழுத்து எதுவோ, அந்த எழுத்துள்ள குப்பியைக் குடிக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கியவரிடம்தான் கையேடு இருக்கும் என்ற கணக்கு. எங்கள் சென்டரில் கையேடு கிடையாது. யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்த விடைப் பட்டியலின் ஜெராக்ஸ் இருந்தது. ஜெராக்ஸின் ஜெராக்ஸ். 'ஈ'யா 'எஃப்'பா என்று தெரியாமல் பலமுறை செத்திருக்கிறேன்.

இன்னொரு ரகசியமும் அங்கே புழங்கியது. வெறுமனே 'பிரின்ஸ்' என்று அடிக்காமல் 'பிரின்ஸ் மெகாஹிட்' என்று அடித்து ஆரம்பித்தால் குறுக்குவழிகள் எல்லாம் திறக்கும். கட்டம் விட்டுக் கட்டம் தாவலாம். பிளஸ் பட்டனை அழுத்தினால் ஒவ்வொரு நிமிடமாக நேரம் கூடும். அக்கா இதைத் தொடவே மாட்டாள். "அதுக்கு நீ சும்மா மானிட்டரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கலாமே" என்பாள். அவள் முன்னால் நானும் தொட முடியாது. ஆகவே நான் ஆறாவது கட்டத்துத் தொப்பைக்காரக் காவலனிடமே வாரா வாரம் வெட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். அக்கா கடைசிவரை போயிருக்கிறாளா என்று கேட்டால், "எங்கடா, பன்னெண்டாவதுல டைம் முடிஞ்சிடுது" என்பாள்.

1996 கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையைக்கூட அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். சென்டர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "பிரின்ஸ் பிளாப்பி கரப்ட் ஆயிடுச்சுடா."

கரப்ட் என்றால் கரப்ட். பிளாப்பிக்கு அது சகஜம். வெயில் பட்டால், ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால், சும்மா இருந்தாலும்கூட. மேல்முறையீட்டுக்கு இடமே இல்லை. அழுதது ஞாபகம் இருக்கிறது. காட்பாடி வரும்வரை அழுதேன் என்று அக்கா சொல்வாள், அது மிகை.

சரி, பரணுக்கு வருவோம். இப்போது நான் இருப்பது காட்பாடியில். பிளாப்பிகளை எடுத்துக்கொண்டு வேலூரில் ஒரு பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். கடைப் பையன் ஒன்றை எடுத்து, மேலே உள்ள தகரக் கதவை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தான். "சேவ் பட்டன் படம் போட்டிருக்கே, அதுவா சார் இது?" என்றான். குற்றம் சொல்ல முடியாது. சோனி கம்பெனியே 2011இல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. கடைசியில் யூஎஸ்பியில் செருகும் பிளாப்பி டிரைவ் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன்.

இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஆசை மிகுதியில் பிளாப்பியை நேராக டிரைவில் செருகிவிடாதீர்கள். முதலில் கதவை விலக்கி உள்ளே இருக்கும் வட்டத் தகட்டை வெளிச்சத்தில் பாருங்கள். என்னுடையதில் மூன்றில் பூஞ்சை வெள்ளைப் புள்ளியாகப் படர்ந்திருந்தது. அப்படியே ஓட்டினால் தகடும் போகும், டிரைவின் தலையும் போகும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் தகட்டை மெல்லச் சுற்றிச் சுற்றித் துடைத்துக் காயவிட வேண்டும். அப்புறம் மூலையில் இருக்கும் சின்னத் தடுப்பைத் தள்ளி ஓட்டையைத் திறந்து வைக்க வேண்டும். ஓட்டை திறந்திருந்தால் எதுவும் அதில் எழுத முடியாது. இது முக்கியம், ஏனென்றால் விண்டோஸ் ஒரு பிளாப்பியைப் படிக்கத் திணறினால் உடனே "ஃபார்மேட் செய்யட்டுமா?" என்று வேலைக்காரன் மாதிரி பணிவாகக் கேட்கும். சரி என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

படிக்கும் வேலைக்கு நான் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளை வைத்துக்கொண்டேன். அது கோப்புகளைப் பார்ப்பதே இல்லை. பிளாப்பியின் இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 வளையம், வளையத்துக்கு 18 செக்டார், செக்டாருக்கு 512 பைட் என்று முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக அள்ளி ஒரே கோப்பாக வைக்கிறது. மொத்தம் 14,74,560 பைட். இதுதான் டிஸ்க் இமேஜ். படிக்க முடியாத செக்டாரைக் குறித்துவைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும். பேரோல் பிளாப்பிக்கு ஒரு ராத்திரி ஆனது. 2,880 செக்டாரில் 11 மட்டும் கடைசிவரை பேசவில்லை.

கோப்பை நகலெடுப்பதற்கும் இமேஜ் எடுப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று என் மகன் கேட்டான். வீடு மாற்றும்போது சாமான்களை மட்டும் லாரியில் ஏற்றுவது முதல் வகை. வீட்டையே அடிமனையோடு பெயர்த்து, சுவரில் ஆணி அடித்த ஓட்டை, அலமாரிக்குப் பின்னால் விழுந்த சீட்டு, கொல்லைப்புறத்துக் குப்பை எல்லாவற்றோடும் தூக்கிப்போவது இரண்டாவது. பூட் செக்டாரில் ஜோஷி இருந்தால் அவரும் கூடவே வருவார்.

மெக்னருக்கும் ஒரு பெட்டி கிடைத்தது. பிரின்ஸின் ஆப்பிள் 2 மூல நிரல் தொலைந்துபோனதாகவே அவர் நினைத்திருந்தார். 2012இல் அவருடைய அப்பா வீட்டில் எதையோ ஒழிக்கும்போது பழைய பிளாப்பிகள் அகப்பட்டன. விவரம் தெரிந்தவர்களை வைத்து இமேஜ் எடுத்து, அந்த நிரலை உலகத்துக்கே பொதுவில் போட்டுவிட்டார். என் ஷூ பெட்டியில் அந்த அளவுக்குப் பெரிய சமாச்சாரம் எதுவும் இருக்காது என்று தெரியும். இருந்தாலும் படித்தபோது தைரியமாக இருந்தது.

இமேஜ் எடுத்த உடனே டாஸ்பாக்ஸைத் திறந்தேன். 2002இலிருந்து இருக்கும் எமுலேட்டர் இது, அதாவது பழைய கணினி மாதிரியே நடிக்கும் மென்பொருள். சொந்தமாக ஒரு டாஸையே உள்ளே வைத்திருக்கிறது, தனியாக வேறு எதுவும் வேண்டாம். ஐஎம்ஜிமவுண்ட் என்ற கட்டளையில் இமேஜின் பெயரைக் கொடுத்து, வகை பிளாப்பி என்று சொன்னால் அது ஏ டிரைவில் போய் உட்கார்ந்துகொள்ளும். வேலூரைப் பற்றிய பழைய கேலி ஒன்று உண்டே: ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில் என்று. வெறும் இமேஜ் அப்படித்தான் கிடக்கும். எமுலேட்டர் வந்தால்தான் குடிபுகும். (கேலியும் பழசாகிவிட்டது. ஜலகண்டேஸ்வரர் 1981இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளமே போனது. ராஜாவைத்தான் காணோம்.)

முதலில் செருகியது டிகர் இருந்த பிளாப்பியின் இமேஜ். தெரிந்த விளையாட்டிலிருந்து தொடங்குவோமே என்றுதான். ஆரம்பித்த மறுகணம் நான் காலி. டிகர் 1983இல் வந்தது, 4.77 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரை மனதில் வைத்து எழுதியது. அதைவிட வேகமான மிஷினில் போட்டால் பூதங்கள் தலைதெறிக்க ஓடும். சென்டரில் 386 மிஷின்களின் முகத்தில் 'டர்போ' என்று ஒரு பட்டன் இருந்தது. அது வேகத்தைக் கூட்ட என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் அது இருந்ததே இந்த மாதிரிப் பழைய புரோகிராம்களுக்காக மிஷினின் வேகத்தைக் குறைக்கத்தான். டாஸ்பாக்ஸில் அதற்கு 'சைக்கிள்ஸ்' என்று பெயர்: ஒரு மில்லி விநாடிக்கு எத்தனை கட்டளை ஓடட்டும் என்ற கணக்கு. கண்ட்ரோலும் எஃப்11ம் சேர்த்து அழுத்தினால் குறையும், எஃப்12 என்றால் கூடும். சுமார் 300 வரை இறக்கியபோது டிகர் பழைய நடைக்கு வந்தது. கோடிக்கணக்கில் கட்டளைகளை ஓட்டக்கூடிய ஒரு லேப்டாப், வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறது. எமுலேட்டர் எழுதுகிறவர்களின் திறமையில் பெரும்பங்கு இந்தக் காத்திருப்பில்தான் போகிறது என்று நினைக்கிறேன்.

படத்தையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. அந்தக் காலத்து 320க்கு 200 புள்ளிப் படம், நாலுக்கு மூன்று அளவுள்ள மானிட்டரில் கொஞ்சம் உயரமாக நீட்டித்தான் தெரியும். இன்றைய திரையில் அப்படியே காட்டினால் எல்லோரும் அமுங்கிக் குள்ளமாகிவிடுகிறார்கள். அமைப்புக் கோப்பில் 'ஆஸ்பெக்ட்' என்ற வரியை 'ட்ரூ' என்று மாற்றினால் சரியாகிவிடும். சரிசெய்ய முடியாதது சத்தம்தான். பிளாப்பி டிரைவின் அந்தக் கர்ர்ர்... டக்... டக்... இங்கே இல்லை. அடுத்த கட்டம் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உள்ளங்கை வியர்வையைப் பாவாடையில் அக்காவும் டவுசரில் நானும் துடைத்துக்கொள்வோம். இப்போது எல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறது.

பிறகுதான் பேரோல் பிளாப்பி. ஏ டிரைவில் போட்டுப் பட்டியல் கேட்டேன். ஒரு எழுத்துகூடக் கெடாமல் வந்தது: நான்கு கோபால் கோப்புகள். தேதி எல்லாவற்றிலும் 1980 ஜனவரி 1. சென்டர் மிஷினில் கடிகார பேட்டரி செத்துப்போயிருக்கும், டாஸ் தன் முதல் நாளையே போட்டுவிடும். பிரின்ஸைக் காணோம்.

இங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. கரப்ட் ஆன பிளாப்பியில் பேரோல் எப்படி இத்தனை சுத்தமாக உட்கார்ந்திருக்கிறது?

இமேஜை, கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் எண்ணாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன். பிளாப்பியில் ஒரு கோப்பை அழிப்பது என்பது, பட்டாவை ரத்து செய்வதுபோல. வீட்டை யாரும் இடிப்பதில்லை. பதிவேட்டில் கோப்புப் பெயரின் முதல் எழுத்தை மட்டும் மாற்றி ஈ5 என்ற எண்ணைப் போட்டுவிட்டு, 'இந்த இடம் காலி' என்று எழுதிக்கொள்வார்கள். அளவும், எந்த செக்டாரில் தொடங்குகிறது என்பதும் அப்படியே கிடக்கும். வேறொருவர் வந்து மேலே கட்டும்வரை வீடும் நிற்கும். அந்த ஈ5 டாஸ் திரையில் சிக்மா என்ற கிரேக்க எழுத்தாகத் தெரியும். பதிவேட்டைக் கீழே தள்ளிக்கொண்டே போனால், நான்கு கோபால்களுக்கு அடியில் சிக்மா சிக்மாவாக ஒரு வரிசை. முதலெழுத்து போன காவலர்கள், முதலெழுத்து போன அரண்மனை, முதலெழுத்து போன எலும்புக்கூடு. எனக்கு வெட்டு கொடுத்த தொப்பைக்காரனின் கோப்புகூட, தலை போய் அங்கேதான் படுத்திருந்தது.

கரப்ட் ஆன பிளாப்பி இப்படி வரிசையாகத் தலை சீவாது. இது ஆள் செய்த வேலை. டெல் என்று அடித்து, நட்சத்திரம் புள்ளி நட்சத்திரம் போட்டு, ஒய் கொடுத்த வேலை.

விளையாட்டை முழுதாக மீட்க முடியவில்லை. முன்பக்கத்து செக்டார்கள் பலவற்றின் மேல் பேரோல் வீடு கட்டிவிட்டது. ஆடிப் பார்க்க வேண்டும் என்றால் இன்டர்நெட் ஆர்க்கைவ் இருக்கிறது. 2015 ஜனவரியில் சுமார் 2,400 டாஸ் விளையாட்டுகளைப் பிரவுசரிலேயே ஓடும்படி போட்டார்கள். நஷ்டம் பெரிதில்லை. ஆனால் பிளாப்பியின் பின்கோடியில் தொடும் ஆளில்லாமல் ஒரு சின்னக் கோப்பு மிஞ்சியிருந்தது. சிக்மாவில் தொடங்கி, புள்ளிக்குப் பின்னால் எச்ஓஎஃப் என்று முடிவது. விளையாட்டை அறுபது நிமிடத்துக்குள் முடித்தவர்களின் பெயர்ப்பட்டியல் அது. முடித்த பிறகுதான் உண்டாகும். ஒரே செக்டாரில் அடங்குகிற அளவு.

சிக்மாவை எடுத்துவிட்டு 'பி' போட்டேன். அந்தக் கோப்பை நல்லதொரு பிரின்ஸ் பக்கத்தில் வைத்து டாஸ்பாக்ஸில் ஓட்டினேன். முகப்புப் படங்கள் ஓடி முடிந்ததும் பட்டியல் விரிந்தது. இரண்டே பெயர்கள். மீதி நேரம் அதிகம் உள்ளவர் மேலே வருவார். கீழே அக்கா, மீதி நான்கு நிமிடம். மேலே ஓர் ஆண் பெயர், பதினோரு நிமிடம். கோபால் இல்லை. மாமா பெயரும் இல்லை. இதை மாமாவும் படிப்பார் என்பதால் இத்தோடு விடுகிறேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு அக்காவைக் கூப்பிட்டேன்.

"பிரின்ஸ் பிளாப்பி கரப்ட் ஆகலக்கா. நீ அழிச்சிருக்க."

கொஞ்ச நேரம் டிவி சத்தம்தான் கேட்டது. "சார் திங்கக்கிழமை காலையில பேரோல் கேட்டாரு. புது பிளாப்பி வாங்க முப்பது ரூபா யாருகிட்ட இருந்துச்சு? உன்கிட்ட சொன்னா நீ பஸ்ஸிலயே புரண்டிருப்ப." மூச்சு விட்டுக்கொண்டு, "இப்ப எதுக்கு அதெல்லாம் நோண்டிட்டு இருக்க?" என்றாள்.

"நீ கேமை முடிச்சிருக்க. என்கிட்ட சொல்லவே இல்ல."

"சொல்லியிருந்தா எப்படி முடிச்சேன்னு கேட்டு உயிரை எடுத்திருப்ப."

"லிஸ்ட்ல உனக்கு மேல ஒரு பேரு இருக்கு."

டிவி சத்தம் நின்றது. அறையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். பால்கனிக் கதவு சாத்தும் ஓசை கேட்டது. பெயரைச் சொல்லச் சொல்லி அவள் கேட்கவில்லை.

"எத்தனை நிமிஷம் போட்டிருக்கு?"

"உனக்கு நாலு. அங்க பதினொன்னு."

"பதினொன்னா?" குரல் ஒரே தாவாக 1996க்குப் போய்விட்டது. "வாய்ப்பே இல்லடா. மெகாஹிட் போட்டு பிளஸ்ஸை அமுக்கியிருப்பான், ஃபிராடு."